வலப்பக்கமே இழுத்த பழைய செயின் லோடர்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

எங்கள் செங்கல் சூளைக்கு மண் அள்ள ஒரு பழைய செயின் லோடர் (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும், முன்னால் பக்கெட் உள்ள வண்டி) வைத்திருக்கிறோம். ஊரில் எல்லோருக்கும் அது பொக்லைன்தான். அந்தப் பெயரைத் திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கை லீவர் இரண்டு, கால் பிரேக் இரண்டு, உள்ளே செயினுக்கு ஒன்றாக டிரை கிளட்ச் (எண்ணெய் படாமல் ஓடும் கிளட்ச்). வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் இழுவை அறுந்துவிடும், அதோடு வலது பிரேக்கையும் மிதித்தால் வண்டி அங்கேயே வலப்பக்கம் சுழலும். அவ்வளவுதான் அதன் ஸ்டியரிங்.

போன மழைக்குப் பிறகு, பக்கெட்டில் மண் ஏறிவிட்டால் வண்டி தானாக வலப்பக்கம் போக ஆரம்பித்தது. வலது பிரேக்கும் மிதித்த மிதிக்குப் பிடிக்கவில்லை. ஆபரேட்டர் பார்த்துவிட்டு "கிளட்ச் பிளேட்டு முடிஞ்சுபோச்சு" என்றார். நானும் அவசரப்பட்டுப் புது பிளேட்டு செட் வாங்கிவிட்டேன். பிரிக்க வந்த வயதான மெக்கானிக் ஸ்பேனரைக் கையிலேயே எடுக்கவில்லை. வண்டியை மண்மேட்டில் பக்கெட்டை முட்டி நிறுத்தச் சொல்லி, முதல் கியரில் தள்ளச் சொன்னார். இடது செயின் மண்ணைப் பறித்துக்கொண்டு சுற்றியது. வலது செயின் அசையாமல் நின்றது. நல்ல வண்டியென்றால் இரண்டும் சேர்ந்து வழுக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் திணற வேண்டும். ஆக, வலது கிளட்ச் வழுக்குகிறது. ஆனால் ஏன் வழுக்குகிறது என்பதுதான் கேள்வி என்றார்.

அடுத்து லீவரை ஆட்டிப் பார்த்தார். வலது லீவரில் ஃப்ரீ பிளே (கிளட்ச் விடத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) துளிகூட இல்லை. "ரொம்ப லொட லொடன்னு ஆடுதுண்ணே" என்று ஹெல்பர்தான் ஒரு மாதம் முன்பு லீவரின் இணைப்பு ராடை முறுக்கி வைத்திருக்கிறான். பிளே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பாகம்) எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங்கால் பிளேட்டுகளை முழுசாக நெருக்க முடியாது. எங்கள் வண்டிக்கு லீவர் மேல்முனையில் மூன்று அங்குலம் பிளே விட்டோம் (வண்டிக்கு வண்டி மாறும்). வழுக்கல் பாதி குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

பிறகு வலது கிளட்ச் அறைக்கு அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினார். அரை லிட்டருக்கு மேல் கெட்டியான கியர் ஆயில் கொட்டியது. டிரை கிளட்ச் அறையில் எண்ணெய்க்கு என்ன வேலை? அது வர இரண்டு வழிதான்: நடுவில் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்) பக்கத்து சீல், வெளியே ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசி கியர்) பக்கத்து சீல். அந்த இரண்டு இடத்திலும் ஆயில் அளவைப் பார்த்தோம். வலது ஃபைனல் டிரைவில்தான் இறங்கியிருந்தது. பிரேக் டிரம்மும் அதே அறையில் இருப்பதால் லைனிங்கும் எண்ணெயில் ஊறியிருந்தது. பிரேக் பிடிக்காததற்கும் அதுதான் காரணம்.

சீல் வரும்வரை தற்காலிகமாக, வண்டி ஆறிய பிறகு கிளட்ச் அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, லீவரை இழுத்து விட்டபடி கொஞ்சம் ஓட்டி, வடித்து, காயவிட்டோம். நாலு நாள் நன்றாகப் பிடித்தது. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. சீலை மாற்றாமல் கழுவுவதில் பிரயோசனமில்லை.

மலைத் தோட்டத்தில் ஓட்டும் ஒருவர்:

அண்ணே, கோளாறே இல்லாத வண்டியையும் கோளாறு என்று நினைக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பழகிய புதிதில் தேயிலைத் தோட்டச் சரிவில் இறங்கும்போது, வலது லீவரை மட்டும் இழுத்தேன். வண்டி இடப்பக்கம் திரும்பியது! இடப்பக்கம் பள்ளம். பக்கெட்டைத் தரையில் இறக்கி ஊன்றித்தான் நிறுத்தினேன், கை நடுக்கம் நிற்க அரை மணி ஆனது.

ஸ்டியரிங் மாறிவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். சமதரையில் எஞ்சின் செயினை இழுக்கிறது. இறக்கத்தில் வண்டியின் எடை தள்ளுகிறது, எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது. அப்போது வலது கிளட்சை விட்டால் அந்தப் பக்கத்துப் பிடிப்பு போய் வலது செயின் வேகமாக ஓடும், வண்டி இடப்பக்கம் வளையும். அதனால் இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் திருப்புவதென்றால் எதிர்ப்பக்க லீவர். புது ஆபரேட்டர் வந்தால் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

பட்டறை வைத்திருப்பவர்:

எனக்கு வந்தது நேர் எதிர். ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்ற வண்டி. லீவரை இழுத்தாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தால் எஞ்சின் முனகும். துரு ஏறி பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எஞ்சினைச் சூடாக்கி, லீவரைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டி, முதல் கியரில் முன்னும் பின்னுமாக விட்டு விட்டுப் பிரேக் மிதித்தோம். ஒரு பக்கம் 'டக்' என்று விட்டுக்கொண்டது. இன்னொரு பக்கம் மசியவில்லை. பிரித்தால் எல்லாம் ஒரே கட்டி. இப்போதெல்லாம் மழைக்கு நிறுத்தும் வண்டிக்கு லீவரை இழுத்துக் கட்டித்தான் வைப்பேன்.

ஒன்று சொல்லணும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்தவுடன் காற்று அடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொருவர்:

ஆயில் வந்தாலே சீல் போச்சு என்று எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பிந்தைய மாடல்களில் கிளட்ச் எண்ணெயில்தான் ஓடும். எங்கள் யார்டில் ஒருவர் அதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவப் பார்த்தார். நல்லவேளை, நடுவில் தடுத்தோம். அந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரும் பிரஷரும்.

எனக்கு ஒருமுறை இழுத்ததற்குக் காரணம் கிளட்சே இல்லை. ஒரு செயின் களிமண் அடைத்து விறைத்துக் கிடந்தது, இன்னொன்று தொங்கியது. மண்ணைச் சுரண்டி, மேலே சட்டம் வைத்து இரண்டு பக்கத் தொய்வையும் அளந்து சமமாக்கியதும் நேராக ஓடியது. செயினை இறுக்கும் கிரீஸ் அட்ஜஸ்டரைத் தளர்த்தும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் சாதாரணமில்லை.

முதலில் எழுதியவர்:

சீல் மாற்றியாயிற்று. பிரேக் பேண்டை (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) முழுக்க இறுக்கி, எங்கள் வண்டிக்குச் சொன்னபடி ஒன்றரைச் சுற்று தளர்த்தினோம். நேற்று மறுபடி மண்மேட்டில் முட்டிப் பார்த்தோம், இரண்டு செயினும் சேர்ந்தே வழுக்கின. பழைய பிளேட்டுகளே போதும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அவசரப்பட்டு வாங்கிய புது செட் பரணில் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.