கிளெர்மோன்-ஃபெரானில் ஏழு மாதம்: சனி ஞாயிறில் கற்ற பிரெஞ்சு

2022 அக்டோபரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை பிரான்சில் உள்ள கிளெர்மோன்-ஃபெரானில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாக இருந்தேன். வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு, கையில் வருவது 800 யூரோ சொச்சம். வங்கிக் கணக்கு திறக்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள், வீடு பார்க்கப் போனால் வங்கிக் கணக்கு எங்கே என்பார்கள், அந்த அலைச்சலிலேயே முதல் மூன்று வாரம் ஓடிவிட்டது. அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

பள்ளியில் எனக்குப் பிரெஞ்சு பேச வழியே இல்லை. மாணவர்களை எட்டெட்டு பேராகத் தனி அறைக்கு அழைத்துப் போய் ஆங்கிலத்தில் பேசவைப்பதுதான் வேலை. பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளவே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆங்கில ஆசிரியர்களும் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். ஆக, பிரெஞ்சுக்கு மிச்சம் இருந்தது சனியும் ஞாயிறும்தான்.

முதல் பாடம் தெருமுனை பேக்கரியில். உள்ளே நுழைந்ததும் ஒரு பாகெட் (நீள ரொட்டி) கேட்டேன். அந்த அம்மா ரொட்டியை எடுக்காமல் என்னைப் பார்த்து ‘போன்ஜூர்’ என்றார். நான் மறுபடியும் ரொட்டி கேட்டேன், அவர் மறுபடியும் ‘போன்ஜூர்’. நானும் சொன்ன பிறகுதான் ரொட்டி வந்தது. முதலில் கோபம் வந்தது, அப்புறம்தான் புரிந்தது. வணக்கம் சொல்லாமல் ஒன்றைக் கேட்பது, நம் வீட்டுக்குள் யாரோ செருப்போடு நுழைவது மாதிரி அவர்களுக்கு.

ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியும் எரிமலை பியூய் த தோம், உயரம் 1,465 மீட்டர். உச்சிக்கு ரயில் உண்டு, ஆனால் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் ஒரு ஞாயிறு என்னைப் பழைய கோவேறு கழுதைப் பாதையில் நடத்தியே கூட்டிப்போனார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் போன்ஜூர் சொல்லிக்கொண்டே போனார்கள். விஞ்ஞானி பாஸ்கல் பிறந்தது இதே கிளெர்மோனில்தானாம். 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்கா கணவர் பாதரசக் குழாயோடு இந்த மலையில் ஏறியிருக்கிறார், உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றிருக்கிறது, ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்றைக்கு உறுதியானது. இதையெல்லாம் இயற்பியல் ஆசிரியர் பிரெஞ்சில்தான் சொன்னார். நான் விழித்த இடத்தில் நின்று, ஒரு குச்சியால் மண்ணில் குழாயை வரைந்து, திரும்ப மெதுவாகச் சொன்னார். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆனால் எனக்கு நாக்கு திரும்பியது லு பியூய்-ஆன்-வெலே ஊரில். அங்கே சனிக்கிழமை சந்தை. அந்த ஊர்ப் பச்சைப் பருப்பு (நம் பாசிப்பருப்பு இல்லை, மைசூர்ப் பருப்பு இனம்) பெயர்போனது, துவரையைவிடச் சிறிசு, கரும்பச்சைத் தோலில் நீலப் புள்ளி தெறித்திருக்கும். கடைக்கார அம்மாவிடம் (போன்ஜூர் சொல்லிவிட்டுத்தான்) அரைக் கிலோ கேட்டேன். எப்படிச் சமைப்பீர்கள் என்றார். சாம்பார் என்று ஆரம்பித்தேன். இது கரையாது, குழையாமல் நிற்பதுதான் இதன் அழகு, பச்சைத் தண்ணீரில் போட்டு இருபது இருபத்தைந்து நிமிடம், உப்பு கடைசியில்தான் என்று ஒரு பருப்பை விரலால் நசுக்கிக் காட்டினார். வரிசையில் நின்ற தாத்தா ஒருவர் தொத்திறைச்சி சேர்க்கச் சொன்னார். நான் கறி சாப்பிடுவதில்லை என்றதும் கொஞ்சம் யோசித்து, சரி, அப்படியானால் கேரட்டும் வெங்காயமும் என்றார். தாளிப்பு என்பதற்கு வார்த்தை தெரியாமல், காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டால் அது வெடிக்கும் என்று நீட்டி முழக்கி விளக்கினேன், இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். கால் மணி நேரம், முழுக்கப் பிரெஞ்சில்! பின்னால் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தப் பையோடு அங்கே பாறை மேல் இருக்கும் புனித மிக்கேல் சிற்றாலயத்தின் 268 படியும் ஏறினேன். எதிர்ப் பாறையில் கிரிமியப் போரில் செவாஸ்தபோலில் பிடிபட்ட 213 பீரங்கிகளை உருக்கி 1860இல் நிறுத்திய மாதா சிலை தெரிந்தது.

மறுநாள் ராத்திரி அந்தப் பருப்பில் சுண்டல் செய்து, திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் டப்பாவைத் திறந்து வைத்தேன். எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசும் ஓர் ஆங்கில ஆசிரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இந்தக் கறுப்பு மணிகள் என்ன என்று முதல் தடவையாக என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.