புழக்கடைக் கிணறும் கோடை விடுமுறையும்: விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

மருதாணிவேலி (கேள்வி):
வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, அப்பா விட்டுச் சென்ற வீட்டில் தை மாதம் குடியேறினோம். புழக்கடையில் ஏறக்குறைய 60 அடி ஆழமுள்ள பழைய கிணறு ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் கற்களும் பெயர்ந்துவிட்டன. கிணற்றின்மேல் சாய்ந்தாற்போல ஒரு மாமரம். பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முள்வேலிச் சந்தில் நுழைந்து மாங்காய் அடிக்கிறார்கள். நான்கு முறை விரட்டியும் பயனில்லை. "அனுமதியின்றி நுழைவோருக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பலகை எழுதி மாட்டிவிட்டால் போதும் என்கிறார் என் மைத்துனர். அழைக்காமல் வந்த பிள்ளை விழுந்தால் வீட்டுக்காரர்மீது வழக்கு வருமா? தண்ணீர் அடியில் கிடக்கும்போதே தூர் வாரிவிடவும் எண்ணியிருக்கிறேன். அதிலும் கவனிக்க வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு (மறுமொழி):
பலகையை மாட்டுங்கள், ஆனால் அதை நம்பி நிம்மதியாக உறங்கிவிடாதீர்கள். வீட்டு வளாகத்தில் நேரும் விபத்துக்கான பொறுப்பைத் தனியாக வரையறுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லாததால், நீதிமன்றங்கள் பொதுவான தீங்கியல் (பிறருக்கு விளைந்த தீங்குக்கு இழப்பீடு தரவேண்டிய பொறுப்பைப் பேசும் சட்டம்) கோட்பாடுகளையும், அவற்றுக்கு ஊற்றான ஆங்கிலேயத் தீர்ப்புகளையுமே நாடுகின்றன. அத்துமீறி நுழையும் பெரியவரிடம் காட்ட வேண்டிய கவனம் குறைவுதான். குழந்தையை ஈர்க்கும் பொருளொன்றை ஆபத்துக்கு அருகில் வைத்திருப்பவருக்கோ அந்தச் சலுகை அவ்வளவு எளிதில் கிட்டாது. கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவில் 7 வயதுச் சிறுவன் பார்வைக்கு அழகான நச்சுப் பழங்களைத் தின்று இறந்த வழக்கில், பூங்காவை நிர்வகித்த மாநகராட்சி பொறுப்பிலிருந்து எளிதாக விலகிவிட முடியாதென்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 1920-களின் தொடக்கத்தில் கூறியது. பூங்கா பொது இடம், உங்களுடையது தனியார் வீடு என்ற வேறுபாடு இருந்தாலும், அந்தப் பழத்தின் இடத்தில் உங்கள் மாங்காய் இருக்கிறது.

நான்கு முறை விரட்டினேன் என்பதை உங்களுக்குச் சாதகமாக நினைக்கிறீர்கள். பிள்ளைகள் வருவது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு எதிர்த்தரப்பு காட்டும் முதல் சான்றே அதுதான்.

உயிரிழப்பு நேர்ந்தால் பெற்றோர் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்படி இழப்பீடு கேட்கலாம். காவல்துறை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் வழக்குப் பதியக்கூடும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு அதில் 5 ஆண்டுவரை சிறை உண்டு, பழைய தண்டனைச் சட்டத்தில் அது 2 ஆண்டாக இருந்தது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டம் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருளுக்குமானது. உங்கள் கிணற்றில் விழுந்த அயலாருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு அது உதவாது.

வடக்கயிறு (மறுமொழி):
சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். கைப்பிடிச் சுவரை இடுப்பளவுக்கு மேல் உயர்த்தி, வாயை இரும்புக் கம்பி வலையால் மூடி, வாளி இறங்கும் அளவுக்கு மட்டும் பூட்டுப் போட்ட சிறு கதவு வையுங்கள். கிணற்றுப் பக்கம் நீண்ட மாங்கிளையை இந்த வாரமே கழித்துவிடுங்கள். வலை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எனக்கு அதைவிடவும் கவலை தருவது தூர் வாரும் வேலை. ஆழக் கிணற்றின் அடியில் காற்று தேங்கி, உயிர்வளி குறைந்திருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அதைத்தான் காட்டும். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விளக்கு காட்டித் தராது. ஆகவே எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. உள்ளே இறங்குபவர் இடுப்பில் கயிறும், மேலே அதைப் பிடிக்க இருவரும் இருக்க வேண்டும். மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் பதறிக் குதித்தால் இரண்டு உயிர் போகும். அப்போது 101-ஐ அழைப்பதே சரி. கூலி பேசிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மருதாணிவேலி:
இருவருக்கும் நன்றி. கிளையை நாளைக் காலையிலேயே கழிக்கச் சொல்லிவிட்டேன். ஒன்றைக் குறிப்பிட மறந்துவிட்டேன்: கிணற்றுக்கு அப்பால் நீர் வராமற்போன ஆழ்துளைக் கிணறும் இருக்கிறது. அதன் வாயில் சாக்கைத் திணித்து மேலே கல் வைத்திருக்கிறோம்.

கருப்புக்கோட்டு:
அப்படியானால் முதலில் அதைக் கவனியுங்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கற்களால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிகாட்டுதல் தந்தது. நம் மாநில ஊராட்சிகளுக்கு 2015-இல் தனி விதிகளும் வந்தன. அவற்றுக்குப் பிறகும் 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்து, நான்கு நாள் போராடியும் உடலைத்தான் எடுக்க முடிந்தது. நிரப்பும்போது படம் எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.