மறுமொழி: ஃபிலிபஸ்டருக்குத் தமிழ்ச்சொல் – 'நெடும்பேச்சு' வேண்டாம், 'மசோதா மறியல்' எப்படி?

வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், விவாதத்தை முடிக்கவிடாமல் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வராமல் நிறுத்துவதுதான் ஃபிலிபஸ்டர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையின் மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். நெடும்பேச்சு, இழுவையுரை, அவைமுடக்கம், கொள்ளுரை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஃபிலிபஸ்டர் என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்றும் இருவர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இவற்றில் எதிலும் உடன்பாடில்லை. காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் யாருக்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. தேர்வுகளில் ஒன்று 'அமெரிக்க அரசும் அரசியலும்'. அதற்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தச் சொல்லடைவைத் தொகுக்கிறோம். தேர்வு முழுக்க ஆங்கிலம். 55 கொள்குறி வினாக்களுக்கு 80 நிமிடம், விரித்தெழுதும் 4 வினாக்களுக்கு 100 நிமிடம். நம் சொல்லை எந்த மாணவரும் அங்கே எழுதப் போவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ போய்ச் சேர்ந்த பிள்ளை பாடத்தை மனத்துக்குள் தமிழில்தான் ஓட்டிப் பார்க்கும். 'எங்கே, நான் கேட்கிறேன், சொல்லு பார்ப்போம்' என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்காரும் அப்பாவுக்கும் ஒரு சொல் வேண்டும். ஆகவே சொல் இனிமையாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளை சரியான விடைக்குப் போய்ச் சேருமா என்று பார்க்கிறேன்.

> மணிக்கணக்கில் பேசி அவையை இழுத்தடிப்பதுதானே ஃபிலிபஸ்டர். நெடும்பேச்சு பொருத்தமான சொல்.

பழைய கதைப்படி சரி. 1957 ஆகஸ்டில் தென் கரோலினாவின் செனட் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். வாஷிங்டனின் பிரியாவிடை உரையையும் விடவில்லை. அத்தனையும் வாசித்து அவர் உட்கார்ந்த பிறகு மசோதா நிறைவேறிவிட்டது என்பது தனிக்கதை.

ஆனால் 1970களின் தொடக்கத்தில் செனட் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. ஒரு மசோதா முட்டிக்கொண்டு நின்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு அலுவலைப் பார்க்கலாம் என்று வேலையை இரண்டு தடமாகப் பிரித்தார்கள். அதன்பின் தொண்டை வறளப் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. செனட்டின் 100 பேரில் 60 பேர் வாக்களித்தால்தான் விவாதத்தை முடிக்கலாம். அதற்குச் சம்மதிக்காத 41 பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பெரும்பான்மைக் கட்சித் தலைவர் அந்த மசோதாவை எடுக்கவே யோசிப்பார். இன்றைய ஃபிலிபஸ்டர்களில் பெரும்பாலானவை அவையில் ஒரு வார்த்தை பேசப்படாமலே நடப்பவை.

இதன் மறுபக்கம் 2025இல் கிடைத்தது. நியூ ஜெர்சியின் செனட் உறுப்பினர் கோரி புக்கர் மார்ச் 31 மாலை எழுந்து நின்று ஏப்ரல் 1 இரவு வரை 25 மணி 5 நிமிடம் பேசி, தர்மண்டின் சாதனையை முறியடித்தார். டிரம்ப் அரசின் போக்கைக் கண்டித்துப் பேசினாரே தவிர, குறிப்பிட்ட ஒரு மசோதாவை நிறுத்துவது அவர் நோக்கமல்ல. அதனால் கறாராகப் பார்த்தால் அது ஃபிலிபஸ்டரில் சேராது. ஆக, பேச்சே இல்லாமல் ஃபிலிபஸ்டர் நடக்கிறது. செனட்டின் மிக நீண்ட பேச்சோ ஃபிலிபஸ்டர் இல்லை. 'நெடும்பேச்சு' என்று நெட்டுருப் போட்ட பிள்ளை இரண்டு இடத்திலும் வழுக்கும். இழுவையுரைக்கும் இதே சிக்கல்தான்.

வினாத்தாளில் இது எப்படி இடிக்கும் என்று பாருங்கள். நானே எழுதிய மாதிரி வினா: 'கீழவையான பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி வந்த மசோதா ஒன்றைச் செனட்டில் 54 உறுப்பினர்கள் ஆதரிக்கிறார்கள். ஆனாலும் அது சட்டமாகவில்லை. செனட்டின் எந்த நடைமுறை காரணமாக இருக்கலாம்? விளக்குக.' கருத்தைப் பொருத்திக் காட்டச் சொல்லும் முதல் வினா இந்தப் பாணியில் வரக்கூடியது. நெடும்பேச்சு என்று படித்த பிள்ளை 'எதிர்த்தவர்கள் நீளமாகப் பேசினார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். மதிப்பெண் இருக்கும் இடம் வேறு: விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும், 54 போதாது, ஆகவே மசோதா மீது வாக்கெடுப்பே நடக்கவில்லை. அப்புறம், இதே தந்திரம் பிரதிநிதிகள் அவையில் ஏன் செல்லாது என்று ஒரு கிளைக்கேள்வி வரலாம். அங்கே 435 பேர். முக்கிய மசோதாக்களுக்கு இத்தனை மணி நேரம் என்று விதிகள் குழு முன்கூட்டியே அளந்து கொடுத்துவிடுகிறது. நிறுத்திப் பிடிக்க இடமில்லை.

அந்த 60 என்ற எண் அரசியல் சாசனத்தில் இல்லை. ஃபிலிபஸ்டரும் இல்லை. ஒவ்வொரு அவையும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதோடு சாசனம் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அடிக்கடி தவறும் இடம் இது, சொல்லடைவுக் குறிப்பில் கட்டாயம் வர வேண்டும். 1917இல் செனட் தன் 22ஆம் விதியில் விவாதத்தை முடிக்கும் வழியைச் சேர்த்தபோது அதற்கு வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975இல் அதை மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தார்கள். 100 பேரில் 60 வந்தது அப்படித்தான்.

இடையில் நடந்தது 1964. குடிமை உரிமை மசோதா வாரக்கணக்கில் செனட்டில் சிக்கிக் கிடந்தது. ஜூன் 10ஆம் தேதி விவாதத்தை முடிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 100 பேரும் வந்திருந்தார்கள், 67 வேண்டும். மூளையில் கட்டி வந்து பேச்சிழந்திருந்த கலிபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் திறக்கப் பார்த்தார், குரல் வரவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கில அவைகளில் 'ஆம்' என்பதற்குச் சொல்லும் சொல்லும் 'கண்' என்ற சொல்லும் காதுக்கு ஒன்றே. ஆம் என்று குறித்துக்கொண்டார்கள். 71க்கு 29. எண்ணப்பட்டது வாக்கு. நம் சொல்லும் அந்தப் பக்கம் கைகாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

> அவைமுடக்கம் ஏற்கெனவே செய்தித்தாளில் புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

புழங்குவதுதான் தொல்லை. அவை முடக்கம் என்றதும் நம்மவர் கண்முன் வருவது, உறுப்பினர்கள் மையப்பகுதிக்கு இறங்கிப் பதாகை பிடித்துக் கோஷம் போடுவதும் அவைத்தலைவர் எழுந்து ஒத்திவைப்பதும். அது விதியை மீறிச் செய்வது. ஃபிலிபஸ்டர் விதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்வது. அதோடு இன்று அவை முடங்குவதும் இல்லை, அந்த ஒரு மசோதாதான் நிற்கிறது.

கொள்ளுரை பற்றி: டச்சு மொழியில் கொள்ளைக்காரனுக்கு இருந்த சொல் ஸ்பானியத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 1850களில் நிகரகுவாவைப் பிடித்து ஆண்ட வில்லியம் வாக்கர் மாதிரி ஆட்களுக்குப் பெயராகி, பிறகு அவையைப் பிடித்து வைத்துக்கொள்பவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. அதையெல்லாம் தேடி எழுதிய அன்பருக்கு என் மரியாதை. ஆனால் வரலாறு தெரியாதவர் காதில் கொள்ளுரை என்றால் கொள்ளுப் பயறுதான் விழும். உருவகம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள பொருளைத் தொட்டால் நிலைக்கும். சாட்டை என்ற பொருளோடு 'கொறடா' நிலைத்தது அப்படி. கொள்ளைக்காரனுக்கும் சட்டமன்றத்துக்கும்... சரி, வேண்டாம், வம்பு.

இனி என் பரிந்துரை. சாலை மறியல், ரயில் மறியல் என்கிறோம். எது நிறுத்தப்படுகிறதோ அது முன்னால், மறியல் பின்னால். அந்த வார்ப்பிலேயே மசோதா மறியல். மசோதா வாக்கெடுப்புக்குப் போகிற வழியில் நிறுத்தப்படுகிறது. எப்படி நிறுத்தினார்கள் என்பதைச் சொல் கட்டிப்போடவில்லை. பேசி நிறுத்தினால் பேச்சு மறியல், பேசாமல் நிறுத்தினால் மௌன மறியல். மறியல் செய்தார்கள், மறியல் செய்வோம் என்று மிரட்டினார்கள், மறியலை முறித்தார்கள், மறியலுக்கு விலக்கான மசோதா என்று வினையாகவும் அடையாகவும் தங்குதடையின்றி வருகிறது. நெடும்பேச்சை வைத்து இதில் பாதி வாக்கியம்கூட எழுத முடியாது.

> மசோதா என்று ஏன் குறுக்க வேண்டும்? நீதிபதி நியமனத்தையும் இப்படி நிறுத்தியிருக்கிறார்களே.

நிறுத்தியிருக்கிறார்கள், இப்போது முடியாது. 2013 நவம்பரில் அன்றைய பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி, உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றாக்கியது. 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சி, நீதிபதியாக முன்மொழியப்பட்டிருந்த நீல் கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்தையும் அதில் சேர்த்தது. எஞ்சியிருப்பது சட்டமியற்றும் வேலை மட்டும். அதனால் 'மசோதா' என்ற அடை இன்றைய நிலையைச் சரியாகவே சொல்கிறது. பழைய நிகழ்ச்சிகளுக்கு நியமன மறியல் என்று எழுதிக்கொள்ளலாம். மசோதாவிலும் வரவுசெலவு தொடர்பான ஒரு வகை மறியலுக்கு விலக்கு. 2017இன் வரிச் சட்டமும் 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டமும் அந்த வாசல் வழியாக 60 இல்லாமலே போனவை. அந்த நடைமுறைக்குச் சொல் தனியாகப் பார்க்க வேண்டும்.

வாக்கு மறியல் என்று சொல்லலாமா என்று முதலில் நானும் யோசித்தேன். வாக்காளரைச் சாவடிக்குப் போகவிடாமல் தடுப்பதாகப் புரிந்துவிடும். வாக்களிக்கும் உரிமையைத் தடுத்த வரலாறும் இதே பாடத்தில் இருப்பதால் குழப்பம் நிச்சயம்.

> மறியல் எண்டால் எங்களுக்குச் சிறை. விளக்கமறியல் எண்டு செய்தியில ஒவ்வொரு நாளும் வரும். மசோதா எண்டும் நாங்கள் சொல்லுறதில்லை, சட்டமூலம்தான்.

இதுதான் எனக்கு வந்த கனமான மறுப்பு. இரண்டாவது பாதியை அப்படியே ஏற்கிறேன். சொல்லடைவில் 'மசோதா மறியல் / சட்டமூல மறியல்' என்று இரண்டையும் ஒரே வரியில் போடுவோம். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் 'சட்டமுன்வடிவு' பேச்சில் புழங்குவதில்லை என்பதால் அதைச் சேர்க்கவில்லை. முதல் பாதிக்கு என் பதில்: விளக்கமறியலில் இருப்பவர் தீர்ப்பு வராமல் தடுத்து வைக்கப்பட்டவர். இங்கே மசோதாவும் முடிவு வராமல் தடுத்து வைக்கப்படுகிறது. உங்கள் பொருள் எங்கள் பொருளைவிட நன்றாகவே ஒட்டுகிறது என்று சொல்வேன். ஆனாலும் ஈழத்து வாசகர் இருவர் மூவரிடம் முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டி, உறுத்துகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். உறுத்தினால் 'மறிப்பு' என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.

22ஆம் விதித் தீர்மானத்துக்கு 'விவாத முடிப்பு' போதும் என்பது என் எண்ணம். 'மறியல் முறிப்பு' கேட்க எடுப்பாக இருந்தாலும் யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்ற சாய்வு வந்துவிடுகிறது.

பதிவின் வரைவு:

மசோதா மறியல் / சட்டமூல மறியல்: செனட்டில் விவாதத்தை முடிக்கச் சம்மதிக்காமல் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் நிறுத்துவது. நீண்ட பேச்சு கட்டாயமில்லை. முறிக்க 60 வாக்கில் விவாத முடிப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். செனட்டின் விதி, சாசனத்தில் இல்லை. பிரதிநிதிகள் அவையில் இல்லை.

ஃபிலிபஸ்டர் என்ற ஒலிபெயர்ப்பைத் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடலாம். தேர்வில் பிள்ளை பார்க்கப் போவது அதைத்தான். திருத்தம் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கெரிமாண்டரிங்குக்கு (தொகுதி எல்லைகளை ஒரு கட்சிக்குச் சாதகமாக வரைவது) இருவர் இந்த இழையிலேயே சொல் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், இங்கே போட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.