நான்சி மேர்ஸ் கட்டுரை: 'கிரிப்பிள்' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது?

சுழிமுனை:
வாசிப்புக் குழுவுக்காக அமெரிக்க எழுத்தாளர் நான்சி மேர்ஸின் 'ஆன் பீயிங் எ கிரிப்பிள்' கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'கிரிப்பிள்' என்பது உடல் ஊனமுற்றவரை மட்டமாகச் சொல்லும் ஆங்கிலச் சொல். 1986இல் வந்த 'பிளெய்ன்டெக்ஸ்ட்' தொகுப்பில் உள்ளது. மூன்று நாளாகத் தலைப்பையே தாண்டவில்லை. 'மாற்றுத்திறனாளி என்று போடு, வம்பு வேண்டாம்' என்கிறார்கள் குழுவில். மனசு ஒப்பவில்லை. நொண்டி என்று எழுதக் கையும் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஏட்டுச்சுரைக்காய்:
மாற்றுத்திறனாளியே போடுங்கள். அரசாங்கமே ஏற்றுக்கொண்ட சொல். நொண்டி என்றால் திட்டு வாங்குவீர்கள்.

காலிபர்காரி:
அப்படிப் போட்டால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். 'டிஃபரன்ட்லி ஏபிள்டு' என்ற சொல்லை அதே கட்டுரையில் அவர் கிண்டலடிக்கிறார். நம்முடையது அதற்கு நேர்த் தமிழ்தானே!

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. இடது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கிப்பிடிக்கும் உலோகச் சட்டம். பள்ளியில் நொண்டி என்று கூப்பிட்டவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையின் ஆரம்பத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். சனிக்கிழமை மதியம், ஆளில்லாத அலுவலகக் கட்டடம். கழிப்பறைக்குள் மேர்ஸ் இதை எழுதுவது பற்றி யோசித்தபடியே பையை எடுத்து, கொக்கியிலிருந்து கைத்தடியை எடுத்து, கதவை இழுக்கிறார். பின்பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்த வண்டு மாதிரி கால்களைப் பரப்பிக்கொண்டு, திரும்பவும் அந்த இருக்கையிலேயே விழுகிறார். பார்க்க ஆளில்லை, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

எனக்கு இது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பட்டுப்புடவை, ஈரத் தரை, காலிபரின் முட்டிப் பூட்டு சரியாக விழவில்லை. வெளியே ஆள் இருந்தது. 'ஐயோ பாவம்' என்று நாலு பேர் தூக்கினார்கள். சிரிக்க முடியவில்லை.

இன்னொன்று. அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன், இன்னொருவரை அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறார். ஆகவே அவர் தன்னைச் சொல்லும் இடமெல்லாம் நொண்டி. மற்றவர்களைச் சொல்லும் இடத்தில் வேறு சொல்.

பழம்புத்தகம்:
முடம் என்று யோசித்தீர்களா? ஐயூர் முடவனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று சங்கப் புலவர்கள் பெயரிலேயே இருக்கிறது. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரைப் பெண் என்று சொல்வோரும் உண்டு.

காலிபர்காரி:
அழகான சொல்தான் ஐயா. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. கல்லடி பட்ட சொல்தான் இங்கே வேண்டும்.

சுழிமுனை:
நன்றி அக்கா. இவர் பக்தியைப் பற்றியும் எழுதியவராமே? அறிமுகக் குறிப்பில் சேர்க்கலாமா?

காலிபர்காரி:
கட்டாயம். புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் வளர்ந்து, பெரியவளான பிறகு கத்தோலிக்கராக மாறியவர். முப்பது வயதாகும் முன்பே, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய் என்று தெரிந்தது. 1993இல் வந்த 'ஆர்டினரி டைம்' நூலில் கல்யாணம், கணவருடைய புற்றுநோய், விசுவாசம் எல்லாம் ஒரே பேச்சாக வரும். அவர் சாமியிடம் கால் கேட்டு நிற்பவர் இல்லை. குணமானால் வாங்கிக்கொள்வேன், அது இல்லாமலும் ஆகும் என்பது நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையிலேயே கடைசியில் இருக்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பதினான்கு வயதில் ஒரு ஜெபக்கூட்டத்தில் காலிபரைக் கழற்றி நடக்கச் சொன்னார்கள். 'சப்பாணிகள் நடக்கிறார்கள்' என்று பைபிள் வசனம் வேறு. இரண்டு அடி வைத்தேன், அப்புறம் பாயில் கிடந்தேன். எனக்கு விசுவாசம் போதவில்லையாம். அம்மா அன்று ராத்திரி முழுக்க என் காலில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சுழிமுனை:
தலைப்பு 'நொண்டியாக இருப்பது பற்றி'. முடிவு செய்துவிட்டேன். குழுவில் சண்டை வந்தால் உங்களைத்தான் கைகாட்டுவேன்.

காலிபர்காரி:
கைகாட்டுங்கள், நானே வருகிறேன். கூட்டம் மாடியிலா கீழேயா, அதை முதலில் சொல்லுங்கள்.