கேசட் நின்ற இடம்: பாக்கின் சகோன், சில ஒலிப்பதிவுகள்

யோஹான் செபாஸ்டியன் பாக் தனி வயலினுக்காக எழுதிய டி மைனர் பார்ட்டிட்டா என்ற நடனத் தொகுப்பின் கடைசிப் பகுதியான சகோனை, நண்பர் ஒருவர் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்த 60 நிமிடக் கேசட்டில்தான் முதன்முதலில் கேட்டேன். நேதன் மில்ஸ்டைன் 1973-இல் வாசித்த பதிவு அது. சகோன் முடிவதற்குச் சற்று முன்பே அந்தப் பக்கத்து நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று எழும்பிவிடும். அதுவே முடிவு என்று இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். மைனர் என்னும் சோகச் சாயலுள்ள சுரவரிசையில் துயரமாகத் தொடங்கி, நடுவில் ஒளி கூடிய மேஜருக்கு மாறி, அங்கேயே அமைதி அடையும் படைப்பு என்று பலரிடம் விளக்கியும் இருக்கிறேன்.

பிறகு வயலின் கலைஞர் ஆர்தர் க்ரூமியோவின் குறுந்தகடு கிடைத்தது. என் கேசட் நின்ற இடத்தைத் தாண்டி இசை ஓடியபோது மீண்டும் மைனர் வந்தது. நம் கணக்கில் சொன்னால், அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருந்த இடத்தில் சாதாரண காந்தாரம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிடைத்துவிட்டதாக நினைத்திருந்த ஆறுதல் முழுவதும் அந்த ஒரு சுரத்தில் கைவிட்டுப் போயிற்று. க்ரூமியோ அதை முன்கூட்டி உணர்த்துவதும் இல்லை, அழுத்திக் காட்டுவதும் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பதிவைக் கேட்டாலும் அந்த ஓர் இடத்துக்காகவே காத்திருக்கிறேன்.

ஹெய்ஃபெட்ஸின் 1952-ஆம் ஆண்டுப் பதிவு அந்தத் திருப்பத்தில் எனக்கு ஏமாற்றமே அளித்தது. வில்லின் வலிமை வியப்பூட்டுகிறது. நின்று பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை. ஹிலாரி ஹான் இதற்கு நேர்மாறு. 1997-இல், 17 வயதில் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலேயே இந்தப் பகுதிக்கு அவர் ஏறத்தாழ 18 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். இவ்வளவு நிதானம் தேவையா என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மேஜர் பகுதியை அவர் அத்தனை பொறுமையாக விரிப்பதால், மைனர் திரும்பும்போது இழப்பதற்கு நம்மிடம் நிறைய சேர்ந்திருக்கிறது. ரேச்சல் போட்ஜரின் பதிவோ, நான் மறந்தே போயிருந்த ஒன்றை நினைவூட்டியது: சகோன் அடிப்படையில் ஒரு நடனம், மூன்று அடித் தாளத்தின் இரண்டாம் அடியில்தான் அது தொடங்குகிறது. குடல்தந்தி பூட்டிய வயலின், ஏறக்குறைய அரைச்சுரம் தாழ்ந்த சுருதி, விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைக்கும் அதிர்வில் சிக்கனம் ஆகியவற்றோடு அந்த இரண்டாம் அடியின் சாய்வை அவர் கடைசிவரை விடாமல் வைத்திருக்கிறார்.

2001-இல் வெளிவந்த 'மோரிமூர்' என்ற இசைத்தொகுப்பு தனி வகை. பாக் தான் பணிபுரிந்த அரண்மனையின் இளவரசரோடு கார்ல்ஸ்பாட் சென்றிருந்த 1720 ஜூலையில் அவருடைய மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். அந்தத் துயரமே சகோனில் மறைந்திருக்கிறது என்றும், தேவாலயப் பாடல்களின் மெட்டுகள் அதனுள் பொதிந்துள்ளன என்றும் ஹெல்கா தோனே என்ற ஆய்வாளர் வாதிட்டார். கிறிஸ்டோஃப் பாப்பன் வயலின் வாசிக்க, ஹில்லியர்ட் குழுவினர் அந்த மெட்டுகளை மேலே பாடுகிறார்கள். வாதம் என்னை நம்பவைக்கவில்லை. ஒலிப்பதிவை இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பியானோ வடிவங்களில் புசோனியுடையது பேராலயத்து ஆர்கன் போல முழங்குகிறது. எனக்கு நெருக்கமானது, இடக்கைக்கு மட்டும் பிராம்ஸ் எழுதியது. ஒரே கையால் வாசிக்கும்போதுதான் வயலின்காரரின் சிரமம் தனக்கு விளங்குகிறது என்று அவர் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு எழுதினார். அது சென்று சேர்ந்த வேளையில் கிளாராவுக்கு வலக்கையில் சுளுக்கு!

* * *

சகோன் பற்றிய மேலுள்ள உங்கள் கட்டுரையைப் படித்த வாசகன் நான். வயலின் பயிலும் மாணவன் என்ற முறையில் என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன், ஐயா. நீங்கள் காத்திருக்கும் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னுள்ள எட்டுத் தாளக்கட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். அங்கே பாக் ஒருசேர ஒலிக்கவேண்டிய சுரங்களை மட்டும் அடுக்கிவிட்டு, அவற்றை எப்படிப் பிரித்து வாசிப்பது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறார். அந்த இடத்தில் சிலர் அலைபோல வில்லை நான்கு தந்திகளிலும் உருட்டுகிறார்கள். சிலர் சுரங்களைத் தனித்தனியே தெறிக்கவிடுகிறார்கள். அதற்கேற்ப அடுத்து வரும் மைனரின் நிறமே மாறிவிடுகிறது.

வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவானது. ஆகையால் சாதாரண வில்லால் இரண்டு தந்திகளைத்தான் சேர்த்துப் பிடித்து நிறுத்த முடியும். மூன்றாவதைக் கணநேரம் தொடலாம், நான்கென்றால் உடைத்தே வாசிக்கவேண்டும். எமில் டெல்மான்யி 1950-களில் மிகவும் வளைந்த, தளர்த்திக்கொள்ளக்கூடிய ஒரு வில்லைக் கொண்டு நான்கையும் ஒன்றாகவே ஒலிக்கவைத்துப் பதிவு செய்தார். பாக் காலத்து வில் அப்படி இருந்ததில்லை. கேட்டால் ஆர்மோனியம் போலிருக்கிறது. இழுபறி இல்லை, அதனால் உயிரும் குறைவு என்பது என் கருத்து.

என் பிரதியில் அந்த எட்டுக் கட்டங்களுக்கு மேல் மூன்று விதமான வில்குறிகளைப் பென்சிலால் எழுதி அழித்த தடம் இருக்கிறது. நான்காவது முறை நேற்றுத்தான் எழுதினேன். வேகம் கூட்டினால் அதுவும் ஜி தந்தியில் கரகரக்கிறது.