பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாத அம்மாவை ஷார்ஜாவுக்கு விசிட் விசாவில் அனுப்ப முடியுமா?

தாராவி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க தாராவி, 90 ஃபீட் ரோடு பக்கம். அண்ணன் ஷார்ஜாவில் வேலை பாக்கான். மதினிக்கு அடுத்த மாசக் கடைசியில பிரசவம், அம்மாவை விசிட் விசாவில் அனுப்பணும்.

அம்மா பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல பேர் இருக்கு, சர்நேம் இடம் காலி. நம்ம ஆட்கள்ல பாதிப் பேருக்கு இப்படித்தானே? ஏஜென்ட், "சர்நேம் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்தாத்தான் விசா. எட்டாயிரம் கொடுங்க, நானே முடிச்சுத் தரேன்"ங்கிறார். ஆனா அண்ணனுக்கும் ஒத்தப் பேர்தான். அவன் வருஷா வருஷம் வந்துட்டுப் போறான், ஒருத்தரும் கேட்டதில்ல.

இன்னொண்ணு. அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாங்க, பாஸ்போர்ட்ல ஈசிஆர், அதாவது எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கணும்ங்கிற குறிப்பு, இருக்கு. சஹார் ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துறாங்க. அம்மாவுக்கு வயசு 56. பஜார்ல ஹிந்தி, மராத்தி ரெண்டும் வெளுத்து வாங்குவாங்க. அதிகாரி முன்னாடி நின்னா தமிழே வராது.

மாட்டுங்கா டிக்கெட்காரன்:
தங்கச்சி, எட்டாயிரத்தை எடுத்து உள்ள வையுங்க. முதல்ல பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. உங்க தாத்தா பேர், அதாவது அம்மாவோட அப்பா பேர், இருக்கா?

2022 நவம்பர்ல அமீரகம் ஒத்தப் பேர்க்காரங்களுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னது நிஜம். அந்த வாரம் எங்க கடையில போன் ஓயவே இல்ல. கேட்டவங்கள்ல பெரும்பாலும் நம்மாளுங்க. குடும்பப் பேர்னு தனியா ஒண்ணு வைக்காத ஜனம், வேற யாருக்கு இடிக்கும்? கொஞ்ச நாள்லயே விளக்கமும் வந்துச்சு: அப்பா பேரோ குடும்பப் பேரோ அந்தப் பக்கத்துல இருந்தா ஏத்துக்கலாம்னு. முதல் சேதி ஊரெல்லாம் பரவின அளவுக்கு இது பரவல. சில ஏஜென்ட்டுகளுக்கு அதுவே பிழைப்பு.

உங்க அண்ணன் அங்க ரெசிடென்ட். அவருக்கு இந்த விதியே கிடையாது. அவரை வெச்சு அம்மாவைக் கணக்குப் போடாதீங்க.

விசாவுக்குக் கொடுக்கும்போதே ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸுக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து அம்மா கையில கொடுங்க. அங்க திருப்பி அனுப்பினா கூட்டிட்டு வர வேண்டியது ஏர்லைன்ஸ்தான், அதனால கவுண்டர்ல இருக்கிறவங்கதான் இமிகிரேஷனை விட அதிகமாப் பயப்படுவாங்க. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுதான்னும் பாத்துக்கோங்க.

கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இல்லேன்னா மட்டும் ரீ-இஷ்யூவுக்குப் போங்க. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல்னா மேல 2,000. ஃபார்மை நீங்களே ஆன்லைன்ல நிரப்பலாம்.

செம்பூர் சித்தப்பா:
ஈசிஆருக்கு நான் சொல்றேன். கிளியரன்ஸ் கேக்குறது வேலைக்குப் போறவங்களுக்கு. மகன் வீட்டுக்குப் போற அம்மாவுக்கு அது தேவையில்ல. ரிட்டர்ன் டிக்கெட், மகனோட எமிரேட்ஸ் ஐடி நகல், போன் நம்பர் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கொடும்மா. கேட்டா கவரை நீட்டினாப் போதும், பேச வேண்டியதே இல்ல. இன்னொரு விஷயம், 50 வயசு தாண்டினவங்களுக்கு ஈசிஆரே கிடையாது. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது அது தானாப் போயிரும்.

முலுண்ட் அத்தை:
காகிதமெல்லாம் சரி, பெட்டியை யார் பாக்குறது? பிரசவத்துக்குப் போற அம்மா சும்மாவா போவாங்க! கசகசா ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அங்க அது போதைப்பொருள் கணக்கு. கறி மசாலாவுல அரைச்சுப் போட்டிருந்தாலும் எடுத்துருங்க. வெற்றிலையும் வேண்டாம். முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிட்டா அதுல டிராமடால் இருக்கான்னு அட்டையில பாருங்க, இருமல் மருந்துல கோடீன் இருக்கான்னும் பாருங்க, இருந்தா அதுவும் அதே கணக்குதான். பிபி, சுகர் மாத்திரையை டாக்டர் சீட்டோட, அட்டை பிரிக்காமக் கொண்டுபோகச் சொல்லுங்க. லேகியம் கிண்டி எவர்சில்வர் டப்பாவுல அடைக்காதீங்க, கடையில லேபிளோட சீல் வெச்சது வாங்குங்க.

தாராவி மகள்:
அண்ணே, கடைசிப் பக்கத்துல தாத்தா பேர் இருக்கு! ஏர்லைன்ஸுக்கு மெயில் போட்டாச்சு. அத்தை, கறி மசாலா ரெண்டு கிலோ நேத்துதான் மில்லுல அரைச்சுட்டு வந்தாங்க, கசகசா போட்டுத்தான். இதை அம்மாகிட்ட யார் சொல்றது?

முலுண்ட் அத்தை:
நீதான். மசாலாவை நீ வெச்சுக்கோ.