மணத்தக்காளியும் வயிற்றுப்புண்ணும்: ஆய்வுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் மருந்தியல் முதுகலை படிக்கிறேன். மணத்தக்காளி இலைச் சாறு எலிகளின் இரைப்பைப் புண்ணை ஆற்றும் விதத்தைப் பாலின ஹார்மோன்களோடு சேர்த்து ஆராய விரும்புகிறேன்.

முன்சிறுகுடல் புண் நெடுங்காலமாக ஆண்களிடமே அதிகம் காணப்பட்டது என்பதும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அங்கே பைகார்பனேட் சுரப்பைக் கூட்டி அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது என்பதும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எலிகளில் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும் ஆய்வுகளில் பதிவானவை. அப்படியிருந்தும் நான் படித்த மூலிகைச் சோதனைகள் பல ஆண் எலிகளோடு நின்றுவிடுவது பெரிய குறையாகவே எனக்குப் படுகிறது. வயிற்றெரிச்சலுக்கு இந்தக் கீரையை நம்பிச் சமைத்துச் சாப்பிடும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி 4 முதல் 5 நாள்களுக்குள் முடிந்துவிடுவதால், ஆறும் காலம் முழுவதும் ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சீராக வைக்கச் சினைப்பையை அகற்றி எஸ்ட்ராடயோல் (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) கொடுப்பது நல்லதா, அன்றாடம் யோனிப்பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சுழற்சியின் கட்டத்தைக் குறித்துவருவது போதுமா? இதைச் செய்து பழகியவர்கள், விலங்கு நெறிமுறைக் குழுவிடம் நான் விண்ணப்பிக்கும் முன் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இன்னொன்று, நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய கட்டுகளில் கறுப்புப் பழச் செடியும் செம்மஞ்சள் பழச் செடியும் கலந்திருந்தன. குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் கறுப்பு வகையை மட்டும் தனியே பயிரிடுபவர்களையும், செடியை முறையாக அடையாளம் உறுதிசெய்து தரக்கூடிய தாவரவியல் ஆசிரியர்களையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.